மதுரை வீட்டுக் கூரையும் வெயிலும்

மதுரை நகரமும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியும் வெயிலுக்குப் பேர்போனவை என்பதால், இங்குள்ள வீடுகளில் எவ்வளவு சூரிய மின்சாரம் எடுக்கலாம் என்ற கேள்விக்கு வெயிலின் அளவைச் சொல்லிவிட்டாலே விடை கிடைத்துவிடும் என்று கருதுவது இயல்பு. ஆனால் வெயில் தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழ ஒரே அளவில் பொழிந்துவர, அதை வாங்கிக்கொள்ளும் கூரைதான் இந்த ஊரில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கூரை எப்பொருளால் ஆனது, அதன்மேல் யாருக்கு உரிமை உண்டு, அங்கே எதைச் செய்யலாம் என்று எந்த விதி சொல்கிறது என்ற மூன்றையும் பொறுத்தே வெயில் ஒரு வீட்டுக்குப் பயன்பட்டும் பயன்படாமலும் வந்திருக்கிறது. ஆகவே மதுரை வீடுகளின் சூரிய ஆற்றல் வளத்தை அறிய விரும்புவோர் வானத்தைப் பார்ப்பதற்கு முன் இந்நகரத்துக் கூரைகளின் வரலாற்றைப் பார்த்தாக வேண்டும்.

எனினும் வானத்தைப் பற்றியும் சில அடிப்படைச் செய்திகள் தேவை. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் அமைந்திருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27ஐ ஒட்டியும், நடுப்பகலில் நகரத்தின் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாள்களில் நட்டுவைத்த கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். முதல் நாள் சித்திரையிலும் இரண்டாம் நாள் ஆவணியிலும் விழுவதும், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சதுரத் தெருக்களுள் இரண்டு சித்திரை, ஆவணி மூலம் என்று பெயர் பெற்றிருப்பதும் தற்செயலான பொருத்தம்தான், ஏனெனில் அத்தெருப் பெயர்கள் திருவிழாக்களால் வந்தவை. ஆயினும் வானியலைக் கவனிப்பவருக்கு அது மனம் நிறைக்கும் பொருத்தம். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் நடுப்பகல் சூரியன் மதுரைக்கு வடபுறத்தில் நிற்கிறது. சூரிய மின்தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும் என்ற பொது விதி இங்கும் பொருந்துமென்றாலும், சாய்வு 10 பாகை அளவில் சிறியதாக இருந்தாலே போதும் என்பதும், மழைநீர் வழிந்து தூசியைக் கொண்டுபோவதற்கே அந்தச் சாய்வு பெரிதும் உதவுகிறது என்பதும் இதனால்தான். மார்கழியில் சூரியன் தெற்கே முழுவதும் ஒதுங்கிய நிலையிலும் உச்சிப்பொழுதில் அது 56 பாகை உயரத்துக்குக் குறையாமல் நிற்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

இந்தச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் வெயிலாக விழுகிறது. யூனிட் என்பது ஆயிரம் வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம், அதாவது கிலோவாட் மணி. இன்றைய சிலிக்கான் தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே மின்சாரமாக மாற்றுகின்றன. நடைமுறைக் கணக்கில், 1 கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்குக் கூரையில் ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். அவை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இந்தச் சராசரிக்குள் மாதத்துக்கு மாதம் ஏற்றத்தாழ்வு உண்டு. மதுரைக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம் என்பதால் அப்போது உற்பத்தி சரிந்து, மாசி, பங்குனியில் உச்சத்துக்கு ஏறுகிறது. கார்த்திகை, மார்கழியில் வரத்துக் குறைந்து கோடையில் குவியும் மதுரை மல்லிகையின் நாள்காட்டியும் ஏறக்குறைய இதுவே. ஆனால் மல்லிகையும் தகடும் பிரியும் இடம் ஒன்று உண்டு: தகட்டுக்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. 25 பாகை செல்சியசில் அளந்து முத்திரையிடப்படும் தகட்டின் திறன், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றில் 0.3 முதல் 0.4 பங்கு வரை குறைகிறது. கத்திரி வெயிலில் தகட்டின் உடல்வெப்பம் 65 பாகையை எட்டும்போது ஏழில் ஒரு பங்கு அளவுக்கு விளைச்சல் இழக்கப்படுகிறது. ஊரே புழுங்கும் அக்கினி நட்சத்திர நாள்கள் மின் உற்பத்தியில் சிறந்த நாள்களாக அமையாததற்குக் காரணம் இதுதான்.

பழைய மதுரையின் கட்டடக் கலை இந்த வெயிலை உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே வளர்ந்தது. கோயிலை நடுவில் வைத்து ஒன்றை ஒன்று சூழ்ந்த சதுரங்களாகத் தெருக்கள் அமைந்து, அவற்றின் இருபுறமும் முகப்புக் குறுகி, பின்னோக்கி நீண்ட மனைகளில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் எழுந்தன; பக்கச் சுவர்களில் வெயில் விழாததால் வெப்பம் உள்ளே வரும் வழி கூரை ஒன்றே என்றானது. அந்த ஒரு வழியையும் அடைக்க ஏழைகள் பனையோலையையும் தென்னங்கீற்றையும், நடுத்தர நிலையினர் நாட்டு ஓட்டையும் வேய்ந்தனர். வசதியுள்ளோர் மச்சுக் கட்டினர். கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அம்மச்சில், தேக்கு அல்லது பனை விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பல நாள் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். சாந்து இறுகுவதற்குக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளிக்கப்பட்டன. அதன் கனமே பகல் வெப்பத்தைத் தாங்கி நிறுத்தியது. 1636ஐ ஒட்டிக் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனையின் திறந்த முற்றத்திலும் அதைச் சூழ்ந்த உயர்ந்த தூண் மண்டபங்களிலும், வானத்தை நடுவில் மட்டும் அனுமதித்து மனிதர் நடமாடும் இடத்தை நிழலில் வைக்கும் அதே எண்ணத்தைப் பேரளவில் காணலாம். நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்ந்த இடத்தில் வெளி வீதிகள் உருவானபோதும் இந்த வீட்டமைப்பு மாறவில்லை. 1875இல் ரயில் வந்தபின் மேற்குக் கரையில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமயப்பணி அமைப்பு தொடங்கிவைத்த மங்களூர் ஓடும், உள்ளூர் மண்ணில் சுட்ட மானாமதுரை ஓடும் பெருகியபோதுகூட நோக்கம் ஒன்றுதான்: வெயில் கூரையோடு நின்றுவிட வேண்டும்.

அப்படி வெளியே நிறுத்தப்பட்ட வெயிலை மதுரை மக்கள் வீணாக விடவில்லை. மச்சு வீட்டின் மாடி, வீட்டுப் பெண்களின் உழைப்பால் ஆண்டுக்கு ஒருமுறை உணவுக் கிடங்கின் முற்றமாக மாறியது. மாசியில் தொடங்கிச் சித்திரை முடியும்வரை, விடிவதற்கு முன் கிண்டி இறக்கிய கூழைப் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி வற்றல் போடுவதும், மோரில் ஊறிய மிளகாயைப் பகலில் காயவைத்து இரவில் மீண்டும் மோரிலேயே இட்டு அடுத்த நாள் காயவைப்பதும், சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் கீறியும் நசுக்கியும் பரப்புவதும் அதன் வேலைகள். வேட்டியின் பின்புறத்தில் தண்ணீர் தெளித்து வற்றலை உரித்தெடுக்கும் பக்குவம், வெயில் எத்தனை நாள் அடித்தது என்பதைக் கைவிரலால் அறிந்துகொள்ளும் பக்குவமும்கூட. இதில் செலவாகும் வெப்பத்தை எவரும் அளந்ததில்லை, எந்த எரிசக்திக் கணக்கிலும் அது சேர்ந்ததில்லை. ஆனால் விறகோ மின்சாரமோ இல்லாமல் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வற்றலிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றிய ஆற்றல் அது என்பதால், மதுரை வீடுகளின் சூரிய ஆற்றல் வரலாறு தகடுகளோடு தொடங்குவதாக எழுதுவது அப்பெண்களின் உழைப்பை மறைப்பதாகும்.

தொழில்களும் அவ்வாறே வெயிலில் நின்றன. சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்தெடுத்த சுங்குடிச் சேலையில், துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கியபின், முடிச்சு அவிழ்வதற்கு முன் அது நன்கு காய்ந்தாக வேண்டும். வைகையின் நீரும் மணற்பரப்பும் ஒருகாலத்தில் இவ்வேலையின் இரு பாதிகளாக இருந்தன. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இத்துணியின் நிறம், ஆற்றங்கரை வெயிலுக்குக் கடன்பட்டது. ஆற்றின் வடகரையில் செல்லூர்த் தறிகளுக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைத்தவர்கள், உச்சி வெயிலில் நூல் முறுகி அறும் என்பதால் விடியற்காலை வெயிலையே தேர்ந்தார்கள். வெயிலை வேளைக்கு வேளை தரம் பிரித்துப் பயன்படுத்தும் இந்த அறிவு, நாள் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் இன்றைய சராசரிக் கணக்கைவிட நுட்பமானது.

மின்சாரம் இந்நகருக்கு வந்தது மலைகளிலிருந்து. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அந்த ஆண்டுகளிலேயே அதன் மின்பாதை தெற்கே நீண்டது. பசுமலைக்கு அருகில் பைக்காரா என்ற பெயரிலேயே இன்றும் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. 1944இல் பாபநாசமும், 1950களின் இறுதியில் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இறங்கும் லோயர் கேம்ப் நிலையமும் சேர்ந்தன. 1895இல் கட்டி முடிந்த அணையிலிருந்து மதுரைச் சமவெளியின் வயல்களை நனைக்க வந்த அதே நீர், வழியில் விளக்கெரிக்கவும் பயன்பட்டது. 1957இல் தமிழ்நாடு மின்வாரியம் அமைந்தபின் இணைப்புகள் வேகமாகப் பெருகின. வீடுகளுக்குள் மின்விசிறி வந்ததும், கூரையின் கனத்தால் குளிர்ச்சி தேடிய பழைய தேவை தளர்ந்தது.

அந்தத் தளர்ச்சியோடுதான் கான்கிரீட் வந்தது. சிமென்டும் கம்பியும் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின், அண்ணா நகர், கே.கே. நகர், எல்லீஸ் நகர், வில்லாபுரம் என நகரம் ஆற்றைத் தாண்டியும் தெற்கேயும் பரவிய பத்தாண்டுகளில், சென்ட்ரிங் அடித்து ஊற்றிய அரையடிக்கும் குறைந்த கனமுள்ள தட்டைத் தளமே வீடு என்பதன் அடையாளம் ஆனது. ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுவது ஒரு குடும்பம் மேலேறியதற்கான சான்றாகக் கருதப்பட்டது. ஆனால் இந்தத் தளம் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து இரவெல்லாம் உள்ளே உமிழ்வதால், கோடையில் மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அதன்மேலேயே படுக்கப் போனார்கள். மாடியில் வைத்த கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிற்பகலில் திறந்தால் கை வைக்க முடியாத வெந்நீர் கொட்டியது. வெப்பத்தைத் தடுப்பதில் முன்னோர் கட்டிய மச்சைவிடத் தாழ்ந்த இக்கூரை, வேறொரு வகையில் அதைவிட உயர்ந்தது: உறுதியானது, தட்டையானது, மேலேறிப் போகப் படி உள்ளது, இரும்புச் சட்டத்தை முளையடித்து நிறுத்தத் தாங்கும். யாரும் எண்ணிச் செய்யாமலே மதுரையின் புறநகர்கள் முழுவதும் சூரிய மின்தகட்டுக்கு ஏற்ற தளங்களாக ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தன. கோயிலைச் சூழ்ந்த மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் நிலை வேறு. நாட்டு ஓட்டுச் சரிவுகளும், கறையான் தின்ற பனை விட்டத்தில் நிற்கும் மச்சுகளும் புதிய பாரத்தை ஏற்கத் தகுந்தவை அல்ல. நகரத்தின் மிகப் பழைய, மிகச் செறிந்த பகுதியே இக்கணக்கில் பின்தங்குவது இதனால்தான்.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் எழும் என்பதை 1839இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டிருந்தாலும், பயன்படத்தக்க சிலிக்கான் மின்கலம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1954இல்தான் உருவானது. இந்தியாவில் 1970களின் பிற்பகுதியில் அரசுத் துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் அதை ஆக்கத் தொடங்கியது. தமிழகத்தில் 1980களின் நடுவில் அமைக்கப்பட்ட எரிசக்தி மேம்பாட்டு முகமை, சூரிய அடுப்பு, வெந்நீர்க் கலன், தெருவிளக்கு ஆகியவற்றை மானியத்துடன் பரப்பியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எரிசக்திக்கென்றே ஒரு கல்விப்புலம் இயங்கியது. கண்ணாடி மூடியிட்ட பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய சூரிய அடுப்பு, காலை ஏழரை மணிக்குள் சோறு வடித்தாக வேண்டிய வீடுகளில் நிலைக்கவில்லை. வெந்நீர்க் கலன், கோடையில் தொட்டித் தண்ணீரே கொதிக்கும் ஊரில், விடுதிகளையும் மருத்துவமனைகளையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

வீட்டுக் கூரையில் தகடு பரவலாக ஏறியது முதலில் சமவெளிச் சிற்றூர்களின் ஏழை வீடுகளில் என்பது குறிப்பிடத்தக்கது. 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தாண்டுகளில் 3 லட்சம் வீடுகளை ஊரகங்களில் கட்ட முற்பட்டது. 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, அதில் 30 ஆயிரம் ரூபாய் ஐந்து சிறுவிளக்குகளை எரிக்கும் தகட்டுக்கும் மின்கலத்துக்கும் என வகுக்கப்பட்டது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் நாட்டின் மின்கட்டமைப்புக்குப் புறம்பான தனி மின்சாரம் என்ற கருத்து இவ்வாறு அறிமுகமானது. ஆனால் பகலில் எடுத்த மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் ஈய அமில மின்கலம் நான்கைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும் இயல்புடையது; அதை மாற்றும் செலவு யாருடையது என்பதற்கு விடையில்லாத இடங்களில், கால் நூற்றாண்டு உழைக்கக்கூடிய தகடு பழுதில்லாமல் கூரையில் இருந்தும் கீழே விளக்கு எரியாது. கூரைமேல் ஏறுவது எதுவாயினும் அதைப் பேணும் ஏற்பாடும் கூடவே ஏற வேண்டும் என்பதை அரசுத் திட்டங்கள் எப்போதும் காலந்தாழ்ந்தே உணர்கின்றன.

நகரத்து நடுத்தர வீடுகளைத் தகட்டின் பக்கம் திருப்பியது இருள். 2008 முதல் தமிழகத்தில் தொடங்கிய மின்வெட்டு 2012இல் உச்சத்தை எட்டி, சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. மதுரையில் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வரவேற்பறையின் நிரந்தர உறுப்புகளாகி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது குடும்பத் தலைவரின் மாதக் கடமைகளுள் ஒன்றானது. 2012 அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரிய எரிசக்திக் கொள்கை, 2015க்குள் 3,000 மெகாவாட் என்ற இலக்கை வகுத்து, வீட்டுக் கூரையில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் 2 ரூபாயும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாயும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசும் ஊக்கத்தொகை அளிக்க முன்வந்தது. 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டுக்கு ஆணை பிறப்பித்தது. நிகர அளவீடு என்பது, பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தெருக் கம்பிக்குள் அனுப்பி, இரவில் அங்கிருந்து எடுத்ததோடு கழித்து, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் செலுத்தும் முறை. இதற்காக இருபுறமும் எண்ணும் மீட்டர் பொருத்தப்படுகிறது.

இங்கே ஒரு பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. மின்வெட்டுக்குப் பயந்து தகடு பொருத்த வந்தவர்களுக்கு, பேட்டரி இல்லாமல் தெருக் கம்பியோடு இணைந்த சாதனம் மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும் என்பது புதிய செய்தியாக இருந்தது. கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் மின் ஊழியர், இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அமைந்த பாதுகாப்பு ஏற்பாடு அது. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும் பட்டப்பகலில், தலைக்குமேல் தகடுகள் வெயிலில் மின்ன, வீட்டுக்குள் மின்விசிறி நின்றுபோவதை விளக்கிச் சொல்லி எவரையும் நம்பவைப்பது எளிதாக இருக்கவில்லை. பேட்டரியோடு சேர்த்தால் விலை கட்டுப்படியாகாது. பேட்டரி இல்லாவிட்டால் வந்த நோக்கம் நிறைவேறாது. 2014க்குப் பின் மின்வெட்டு தணிந்ததும், பயத்தால் பிறந்த அந்த ஆர்வமும் தணிந்தது.

மதுரையின் வெயிலில் பாதிக்குச் சற்று மேலான அளவே விழும் ஜெர்மனியில் நடந்ததோடு இதை ஒப்பிட்டால் விதிகளின் வலிமை விளங்கும். அங்கே 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 யூனிட்டே தருகிறது. மதுரையில் அது 1,400 முதல் 1,500 வரை. இருந்தும் 1990இல் ஆயிரம் கூரைத் திட்டத்தோடு தொடங்கிய அந்நாடு, கூரை மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்கும் சட்டத்தை 2000இல் இயற்றியதால் வீட்டுக் கூரைகளில் உலகுக்கு வழிகாட்டியது. தமிழகத்தில் நிலைமை தலைகீழ். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் ஒரு வரம்புவரை மானியக் கட்டணம். ஏழை வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடுவதற்கு உதவும் இந்த ஏற்பாடு மக்கள் நலன் கருதிய நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குத் தகட்டால் மிச்சமாகும் தொகை மிகச் சிறியது. 1 கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் தரும் 240 யூனிட்டின் மதிப்பு, எந்த வீட்டின்மேல் அது இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. 2022 செப்டம்பர் கட்டணத்தின்படி 500 யூனிட்டைத் தாண்டிய செலவுக்கு யூனிட் 8 ரூபாய் முதலும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாயும் என இருந்தது; எனவே குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கே தகடு விரைவில் விலை மீட்டுத் தருகிறது. ஒரே தெருவில் ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு கூரைகளின் பொருளாதார வளம் இவ்வாறு வேறுபடுவதை எந்த வெயில் வரைபடமும் காட்டுவதில்லை. போதாக்குறைக்கு விதிகளும் நிலையாக நிற்கவில்லை: 2019இல் நிகர அளவீட்டின் இடத்தில், அனுப்பும் மின்சாரத்துக்குக் குறைந்த விலை கணக்கிடும் முறை கொண்டுவரப்பட்டு, 2021இல் வீடுகளுக்கு மட்டும் நிகர அளவீடு திரும்ப வந்தது.

இதற்கிடையில் சூரிய மின்சாரம் கூரையை விட்டு நிலத்தில் இறங்கியது. 2016 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகளோடு 648 மெகாவாட் நிலையம் ஒன்று திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரிது என்று அது பேசப்பட்டது. மானாவாரி நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிய அந்தப் பகுதி மதுரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதே திறனைக் கூரைகளில் பெற வேண்டுமானால் 3 கிலோவாட் வீதம் 2 லட்சத்து 16 ஆயிரம் வீடுகள் தேவை. அத்தனை வீட்டு உரிமையாளர்களையும் இணங்கவைப்பதைவிட ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் நிலத்தில் எடுக்கும் மின்சாரம் மேய்ச்சல் நிலத்தையும் கழுவும் நீரையும் கேட்கிறது, தொலைதூரக் கம்பிகளில் ஒரு பங்கை இழக்கிறது. கூரை மின்சாரம் எந்த நிலத்தையும் புதிதாகக் கேட்பதில்லை. தகடு தரும் நிழலால் கீழுள்ள தளத்தின் சூட்டையும் தணிக்கிறது. வீடுகளின் பங்கை நிர்வாகத்தின் வசதிக்காகக் கைவிடுவது இந்தச் சமவெளிக்கு இழப்பு.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் அளித்து, நாட்டில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. பேட்டரி இல்லாத சாதனத்தின் விலையும் கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கியிருந்ததால் மதுரைப் புறநகர்களில் தகடுகள் கண்ணில் படும் அளவுக்குப் பெருகின. இரண்டு சென்ட் மனையில், அதாவது 870 சதுர அடிக்குச் சற்று மேலான நிலத்தில் கட்டிய வீட்டின் மொட்டை மாடியில், படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் அவற்றின் நிழலும் போக 300 சதுர அடி தேறும். 3 கிலோவாட்டுக்கு அது போதும். ஆனால் வற்றல் காயவும் துணி உலரவும் வேண்டிய இடத்தை விட்டுக்கொடுக்க வீட்டார் இசையாததால், தகடுகளை ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் தூக்கி நிறுத்தும் வழக்கம் தமிழகமெங்கும் வேர்விட்டிருக்கிறது. சட்டத்தின் செலவும், ஆடிக் காற்றையும் கோடை மழையோடு வரும் சூறையையும் தாங்கும்படி அதை இறுக்கும் வேலையும் கூடுகின்றன. மாடி மாடியாகவே நீடிக்கிறது. காக்கை எச்சமும் வாகனப் புழுதியும் படிந்த தகட்டை ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரால் கழுவினால் வெள்ளைப் படலம் பூக்கும். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் கூடும். ஆகவே விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும் என்பது புதிய வீட்டு வேலைகளுள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

பழைய நகரத்துக்கு ஒரு நற்பேறு வேறு வழியில் வாய்த்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள் மறையாதிருக்கும் பொருட்டு, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது என்று 1990களின் பிற்பகுதியில் அரசாணை பிறந்தது. மீறல்கள் நடந்து, வழக்குகளும் நடந்து வருகின்றன. கோபுரக் காட்சிக்காக வந்த இவ்விதி, அண்டைக் கட்டடம் உயர்ந்து தன் கூரையின் வெயிலை மறைத்துவிடுமோ என்ற அச்சத்திலிருந்தும் அப்பகுதி வீடுகளைக் காக்க வல்லது. வெயிலுக்கான உரிமையைச் சட்டம் எங்கும் பெயர் சொல்லி வழங்காத ஒரு நாட்டில், 25 ஆண்டு உழைக்கும் தகட்டை வாங்குபவருக்கு இது பெரும் பாதுகாப்பு. நீதிமன்றத்தில் இவ்விதிக்காக வாதாடுவோர் இந்தக் காரணத்தையும் முன்வைக்கத் தகும்.

கடைசியாக எஞ்சுவது உரிமைச் சிக்கல். மதுரையில் கணிசமான குடும்பங்கள் வாடகைக்கோ ஒத்திக்கோ குடியிருக்கின்றன. ஒத்தி என்பது ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் ஒப்படைத்து, வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் தொகையை முழுதாகத் திரும்பப் பெறும் முறை. மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். இணைப்பும் கூரையும் உரிமையாளர் பெயரில் உள்ளவை. மூன்று ஆண்டுத் தவணையில் இருப்பவர் தகட்டுக்குப் பணம் போட மாட்டார், கட்டணச் சுமை இல்லாத உரிமையாளருக்குப் போடும் தேவை இல்லை. ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடும்பங்கள் வாழும் வளவுகளிலும், எல்லீஸ் நகர் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளிலும் கூரை ஒன்று, மீட்டர்கள் பல. பொதுக் கூரையில் விளைந்த மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குப் பகிர்ந்து கணக்கில் கழிக்கும் முறைக்கு 2019இல் டெல்லியின் ஒழுங்குமுறை ஆணையம் நெறிமுறை வகுத்தது. மதுரையின் ஒத்திப் பத்திரங்களிலும் தகட்டின் விலையை இரு தரப்பும் பகிர்ந்து, தவணை முடிவில் எஞ்சிய மதிப்பைத் திருப்பித்தரும் ஒரு பிரிவைச் சேர்ப்பதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. வழக்கமாக அச்சிட்ட வாசகங்களையே நிரப்பித்தரும் பத்திர எழுத்தர்களிடமும், அவர்களிடம் வரும் உரிமையாளர்களிடமும் அப்பிரிவின் மாதிரி வாசகத்தை எழுதிச் சேர்க்கும் பணியை மின்வாரியத்தின் பிரிவு அலுவலகங்களே, புதிய மீட்டருக்கு மனு வாங்கும் இடத்திலேயே, மேற்கொள்ளலாம்.